‘நான் யார்’ என்று கேமராவிடம் கேட்காதீர்கள்: தன்னைத்தானே படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு வருடம் முழுக்க என்னை நானே படமெடுத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் நாளுக்கு ஒன்று, சில நாள் பத்து. கடைசியில் எண்ணிப் பார்த்தால் 600க்கு மேல். எல்லாவற்றிலும் ஒரே முகம், அந்த முகத்தில் ஒரே பாவனை: ஏதோ பெரிய யோசனையில் இருப்பதுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. அந்த ஃபோல்டருக்கு "சுயத்தைத் தேடி" என்று பெயர் வேறு வைத்திருந்தேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. நண்பர் ஒருவர் அத்தனையையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், "உன் இடது கை எங்கே?"

திரும்பப் போய்ப் பார்த்தேன், உண்மைதான். பாக்கெட்டுக்குள், முதுகுக்குப் பின்னால், தலையணைக்கு அடியில், இல்லாவிட்டால் ஃபிரேமுக்கு வெளியே. அந்தக் கையில் சின்ன வயதில் சுட்டுக்கொண்ட தழும்பு இருக்கிறது. அதை மறைக்கிறேன் என்று எனக்கே தெரியாது, பல வருடமாக அதைப் பற்றி நினைத்ததுகூட இல்லை. நான் சொல்ல நினைத்த எதுவும் அந்த 600 படங்களில் பதிவாகவில்லை, மறைத்தது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. அப்புறம் 3 மாதம் அந்தக் கையை மட்டும் எடுத்தேன். 14 படங்கள் தேறின. வெளியே காட்டலாம் என்று எனக்குத் தோன்றிய முதல் தொகுப்பு அதுதான்.

அடையாளம், சுயம் என்று கலைப் புகைப்படத்துக்குள் வருகிற பலரும் நான் செய்த தப்பைத்தான் செய்கிறார்கள். "நான் யார்" என்ற பெரிய கேள்வியைத் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் போய் நிற்பது. கேமராவுக்கு அந்தக் கேள்வி புரியாது. அதற்குப் புரிவதெல்லாம் ஒரு கை, ஒரு நாற்காலி, மேலே விழுகிற வெளிச்சம். அதனால் சின்னதாகக் கேட்க வேண்டும், நிறைய எடுக்க வேண்டும், பிறகு எடுத்ததையெல்லாம் பரப்பி வைத்து எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் உண்மையான வேலை, அதைத்தான் யாரும் செய்வதில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், முதலில் இருந்து போகலாம்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி மற்றவர்கள் வழக்கமாகச் சொல்கிற ஐந்து விஷயங்களை எழுதுங்கள், பக்கத்திலேயே அதில் எது உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வருகிற இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். "நீ ரொம்ப அமைதியான ஆள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால், அதிலிருந்தே ஒரு கேள்வி பிறக்கும்: யாரும் இல்லாத அறையில் என் உடம்பு என்ன செய்கிறது?

வேறு சில கேள்விகள், சும்மா உதாரணத்துக்கு. என் அப்பாவின் எந்த அசைவு என்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது? வேலைக்குக் கிளம்பும்போது இருக்கிற முகமும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது இருக்கிற முகமும் ஒன்றுதானா? இரண்டு பெயர் இருக்கிறது, வீட்டுப் பெயர் ஒன்று, சான்றிதழில் இருப்பது ஒன்று. எந்தப் பெயருக்கு நான் எப்படித் திரும்புகிறேன்? வேறு ஊருக்குக் குடிபோனபோது தூக்கிக்கொண்டு வந்த பொருட்களில் எதை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை?

சரியான கேள்விதானா என்று சோதிக்க ஒரு எளிய வழி. நாளைக் காலையில் கேமராவை எதன் பக்கம் திருப்புவது என்று அந்தக் கேள்வியே உங்களுக்குச் சொல்ல வேண்டும். "என் பெண்மை என்பது என்ன" என்று எழுதியிருந்தால் எங்கே திருப்புவீர்கள்? "என் தலைமுடியை யார் யார் எப்படித் தொட்டிருக்கிறார்கள்" என்றால் உடனே தெரிந்துவிடும்.

கருவி விஷயம், சீக்கிரம் முடித்துவிடுவோம்

ஃபோன் போதும். நிஜமாகவே போதும். கேமரா வாங்கியபிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் தொடங்குவதே இல்லை.

ஆனால் முன்பக்க கேமராவைக் கையில் பிடித்து எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையை நீட்டினால் கிடைக்கிற தூரம் 60 சென்டிமீட்டர்தான். அவ்வளவு கிட்டத்தில் மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூர வித்தியாசமே பெரிதாகிவிடும், மூக்கு புடைத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். லென்ஸ் கெட்டது என்பதால் வருவது இல்லை இது, கிட்டத்தில் நிற்பதால் வருவது. ஃபோனை ஏதாவது புத்தக அடுக்கின் மேல் சாய்த்துவைத்து, பின்பக்க கேமராவைத் திருப்பி, ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். முகம் உங்கள் முகமாக வரும். அழகூட்டும் ஃபில்டர் ஏதாவது தானாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்து அணைத்துவிடுங்கள், சில ஃபோன்களில் கேட்காமலேயே தோலை வழித்துவிடுகிறது.

இன்னொன்று, முதல் படங்கள் எல்லோருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் இடவலம் மாறிய முகம். கேமரா காட்டுவது மற்றவர்கள் தினமும் பார்க்கிற முகம். வகிடு மாறியிருக்கும், வாய் மறுபக்கம் கோணும். "நான் போட்டோவில் நன்றாக விழமாட்டேன்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை என்பது என் கணிப்பு.

டைமரை 10 வினாடிக்கு வையுங்கள். ஃபோகஸுக்கு, நீங்கள் நிற்கப்போகிற இடத்தில் ஒரு நாற்காலியையோ துடைப்பத்தையோ நிறுத்தி, திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, அதை எடுத்துவிட்டு நீங்கள் போய் நில்லுங்கள். முதலில் எல்லாமே ஓரமாக, தலை பாதி வெட்டுப்பட்டு வரும். கவலை வேண்டாம். 1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் எடுத்துக்கொண்ட படம், இன்று நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய தன்னுருவப் படங்களில் ஒன்று, அதிலும் அவர் நடுவில் இல்லை. கலைந்த தலையோடு ஒரு ஓரமாக நிற்கிறார். கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் எடுத்தால் அப்படித்தான் வரும்.

தள்ளி நின்றே கேமராவை இயக்குகிற ரிமோட்டைப் படத்தில் தெரியாமல் ஒளித்துவைப்பதா என்று கேட்பார்கள். அது உங்கள் இஷ்டம். ட்ஸெங் க்வாங் ச்சி என்ற புகைப்படக் கலைஞர் 1979 முதல் மாவோ பாணி உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சுற்றுலாத் தலங்களின் முன் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்டார், பல படங்களில் கேமராவைத் தூரத்திலிருந்து இயக்குகிற ஷட்டர் ஒயர் கையிலேயே தெரியும். படமெடுப்பது நான்தான் என்று அந்த ஒயர் சொல்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

முதல் இரண்டு வாரம்: ஒரே இடம், ஒரே நேரம்

14 நாள். ஒரே நாற்காலி, ஒரே சுவர், ஒரே நேரம், ஒரே தூரம். ஒவ்வொரு நாளும் 10 படம், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். உடையைத் திட்டமிடாதீர்கள், அன்றைக்கு என்ன போட்டிருக்கிறீர்களோ அதுவே.

வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் போதும். நேரே பார்த்து நின்றால் முகம் தட்டையாக வரும், பக்கவாட்டில் நின்றால் பாதி முகம் இருட்டில் போகும், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் வெறும் உருவக்கோடு. மூன்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து 14 நாளும் அதிலேயே இருங்கள். வெளிச்சத்தைப் பற்றி ஆரம்பத்தில் இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வாக்கில் சலிப்பு வரும். வரட்டும். நமக்குத் தெரிந்த பாவனைகள் மொத்தமே நாலோ ஐந்தோதான், சிரிப்பு ஒன்று, சீரியஸ் ஒன்று, தூரத்தில் பார்ப்பது ஒன்று, அவ்வளவுதான், அவையெல்லாம் தீர்ந்து போகிற வரைக்கும் கேமரா முன்னால் நாம் ஏற்கெனவே ஒத்திகை பார்த்த ஆளைத்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். தீர்ந்தபிறகு உட்கார்ந்திருக்கிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள். என் சொந்த அனுபவத்தில் ஒன்பதாம் நாள் படங்கள்தான் முதல்முறையாகப் பார்க்கச் சகிக்கக்கூடியவையாக இருந்தன, அன்றைக்கு எனக்குச் சளி பிடித்திருந்தது, எப்படித் தெரிகிறேன் என்பதைப் பற்றிக் கவலைப்பட சக்தி இல்லை.

பெரிய நோக்கத்தோடு தொடங்க வேண்டியதில்லை என்பதற்கு சாமுவேல் ஃபோஸோ நல்ல உதாரணம். கேமரூனில் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்தவர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் 1975இல், 13 வயதில், போட்டோ ஸ்டுடியோ திறந்தார். பகலில் வாடிக்கையாளர்களை எடுப்பார், சுருளில் மிச்சமிருக்கும் ஃபிலிமில் தன்னையே எடுப்பார். நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காக. அந்த மிச்ச ஃபிலிம்தான் பின்னாளில் அவரை உலகம் அறிந்த கலைஞராக்கியது.

மூன்றாவது வாரம்: முகத்தை எடுத்துவிடுங்கள்

இப்போது ஒரு விதி. ஒரு வாரம் உங்கள் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. ஆனால் எல்லாப் படமும் உங்களைப் பற்றியே இருக்க வேண்டும். இதற்குப் பல வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் முயற்சிக்க வேண்டாம், ஒன்றிரண்டு போதும்.

நிழல். காலையிலோ மாலையிலோ சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் நீளமான நிழல் முன்னால் விழும். அது எதன்மேல் விழுகிறது என்பதுதான் படம். விவியன் மையர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர், தன் நிழலையும் கடைக் கண்ணாடிகளில் தெரிந்த தன் உருவத்தையும் விடாமல் எடுத்தார். 2007இல் அவருடைய சாமான்கள் ஏலத்துக்குப் போனபிறகுதான் அந்தப் படங்கள் வெளியே வந்தன. புகைப்படக் கலைஞர் லீ ஃப்ரீட்லாண்டரின் நிழல் தெருவில் முன்னால் நடந்துபோகும் பெண்ணின் முதுகில் விழுகிற படம் ஒன்று உண்டு, பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், அந்தச் சங்கடத்தையும் சேர்த்துத்தான் அவர் தன்னைக் காட்டுகிறார்.

கண்ணாடி வழியாக எடுப்பதானால் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. நீங்கள் கண்ணாடியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால் கேமராவுக்கு உங்கள் பிம்பம் 2 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கேமரா கண்ணாடி மேலிருக்கிற தூசியில் ஃபோகஸ் பண்ணிவிட்டு உங்களை மங்கலாக்கிவிடும். பிம்பத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள். அல்லது தூசியே தெளிவாக இருக்கட்டும் என்று விட்டுப்பாருங்கள், சில சமயம் அதுதான் நல்ல படம்.

உடம்பின் ஒரு பகுதி. ஜான் கோப்லன்ஸ் 60 வயதைத் தாண்டியபிறகு, 1984 முதல், தன் வயதான உடம்பை எடுக்கத் தொடங்கினார். முதுகு, கை, முழங்கால், பாதம். தலை மட்டும் வராது. முகம் இல்லாததால் "யார் இவர்" என்ற கேள்வி போய்விடுகிறது, ஒரு மனித உடம்பு மட்டும் நிற்கிறது, பாறைபோல. உங்கள் உடம்பில் நீங்கள் அதிகம் பார்க்காத இடம் எது? குதிகால்? பிடரி? அங்கிருந்து தொடங்கலாம்.

அசைவு. ஃப்ரான்செஸ்கா வுட்மன் (1958–1981) பாழடைந்த அறைகளில் மெதுவான ஷட்டரில், அதாவது கேமரா அதிக நேரம் திறந்திருக்கும்படி, எடுத்த படங்களில் ஆள் பாதி புகைபோலக் கரைந்திருப்பார். இதை நீங்களும் செய்யலாம். மாலை நேரத்து மங்கிய அறை, ஃபோனில் கைமுறை அமைப்பு இருந்தால் ஷட்டரை 1 வினாடிக்கு வையுங்கள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100. ஃபோன் அசையவே கூடாது. இதில் எனக்குப் பல நாள் பிடிபடாத ஒரு நுணுக்கம்: உடம்பு முழுவதையும் அசைத்தால் வெறும் கறைதான் கிடைக்கும். பாதத்தைத் தரையில் ஊன்றிவிட்டுத் தலையை மட்டும் திருப்புங்கள். கால் கூர்மையாக நிற்கும், முகம் கரையும், அப்போதுதான் பார்க்கிறவருக்கு அது ஒரு ஆள் என்று நம்பிக்கை வரும்.

பொருட்கள். தினமும் தொடுகிற 10 பொருட்களை அவை இருக்கிற இடத்திலேயே, அடுக்காமல் எடுங்கள். அடுக்கினால் விளம்பரமாகிவிடும்.

வேஷம் கட்டலாமா?

தாராளமாக. தன்னுருவப் படத்தில் பொய் இருக்கக்கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள், அந்தப் பொய் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1840இல் இப்போலித் பயார் என்ற பிரெஞ்சுக்காரர், புகைப்படம் கண்டுபிடித்த பெருமை முழுவதும் இன்னொரு பிரெஞ்சுக்காரரான டாகெருக்குப் போய்விட்ட கோபத்தில், தான் நீரில் மூழ்கி இறந்துகிடப்பதுபோல ஒரு படம் எடுத்தார். நடிப்புதான். ஆனால் அந்த மனக்குமுறலை உண்மையான படம் எதுவும் இவ்வளவு சொல்லியிருக்காது.

பிரெஞ்சுக் கலைஞர் க்ளோட் காயுன் 1920களில் மொட்டைத் தலையோடும், பயில்வான் வேஷத்திலும், பொம்மை போலவும் தன்னை எடுத்துக்கொண்டார், ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு எந்தப் படத்திலும் பதில் சொல்லவில்லை. பல படங்களில் கேமராவுக்குப் பின்னால் அவருடைய துணைவி மார்செல் மூர் இருந்திருக்கிறார் என்று கருதுகிறார்கள். அதனால் இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் அது தன்னுருவப் படமாகாதோ என்று தயங்க வேண்டாம். சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில், இல்லாத சினிமாக்களின் காட்சிபோல விதவிதமான பெண்களாக நிற்கிறார். எல்லாம் அவர்தான், ஆனால் அவை தன்னுருவப் படங்கள் இல்லை என்றே அவர் சொல்லிவந்திருக்கிறார். இந்தியக் கலைஞர் புஷ்பமாலா என். 2000களின் தொடக்கத்தில் புகைப்படக் கலைஞர் க்ளேர் ஆர்னியுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களை இதுவரை ஓவியங்களும் காலண்டர்களும் போலீஸ் ஆவணங்களும் எப்படிக் காட்டினவோ அந்தந்தக் கோலத்தில் தானே நின்று எடுத்தார். வேஷத்தைவிட, அந்த வேஷத்தை யார் தைத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

உங்களுக்கான பயிற்சி இது. உங்கள் மேல் மற்றவர்கள் மாட்டிவைத்திருக்கிற ஒரு வேஷத்தைத் தேர்ந்தெடுங்கள். பொறுப்பான மூத்த பிள்ளை, ஆபீஸில் எதற்கும் தலையாட்டுகிறவர், எதுவாகவும் இருக்கலாம். அதை மிகைப்படுத்தி நடித்து 20 படம் எடுங்கள். அப்புறம் உடையைக் கழற்றிக்கொண்டிருக்கிற அந்த ஐந்து நிமிடத்தையும், கேமராவை இடைவெளிவிட்டுத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, எடுங்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலும் நல்லது கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்களுடையது அல்லாத ஒரு சமூகத்தின், உங்களைவிட வலுவில்லாதவர்களின் உடையையும் நிறத்தையும் பூசிக்கொண்டு "அடையாள ஆய்வு" என்று போடாதீர்கள். தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸனேலி முஹோலி 2012இல் தொடங்கிய வரிசையில் கறுப்பு வெள்ளைப் படங்களின் கான்ட்ராஸ்டைக் கூட்டித் தன் தோலை இன்னும் கறுப்பாக்கிக் காட்டுகிறார், துணிக் கிளிப்பும் பாத்திரம் தேய்க்கும் நாரும் தலையலங்காரமாகின்றன. அவருடைய அம்மா வீட்டு வேலை செய்தவர். அந்த நிறமும் அந்தக் கிளிப்பும் அவருடையவை. அதையே வேறொருவர் செய்தால் கேலி.

பழைய ஆல்பத்தை இறக்குங்கள்

இந்தப் பகுதி பலருக்கு எல்லாவற்றையும்விடப் பலன் தரும், எனக்கும் அப்படித்தான். நம்மை நாம் படமெடுக்கத் தொடங்கும் முன்பே நம்மை 15, 20 வருடம் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். எங்கே நிற்க வேண்டும், யார் தோளில் கைபோட வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். அந்தப் படங்களில் நீங்கள் எந்த ஓரத்தில் நிற்கிறீர்கள்? எந்த வயதுக்கு அப்புறம் படங்களே இல்லை? யார் எதிலும் வருவதில்லை? வராதவர்தான் பெரும்பாலும் படம் எடுத்தவர்.

சினோ ஒட்ஸுகா தன் சின்ன வயதுப் படங்களுக்குள், டிஜிட்டலாக, இன்றைய வளர்ந்த தன்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே படத்தில் குழந்தையும் பெரியவளும் பக்கத்தில் பக்கத்தில், இருவரும் அவரே. கில்லியன் வேரிங் 2003இல் அம்மா, அப்பா, சகோதரர் என்று குடும்பத்தார் முகங்களை சிலிகோன் முகமூடியாகச் செய்து மாட்டிக்கொண்டு, பழைய குடும்பப் படங்களை அப்படியே திரும்ப எடுத்தார். முகமூடியின் துளையில் தெரியும் கண் மட்டும் அவருடையது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரே ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து, அதே நிலையில், அதே வெளிச்சத்தில், இன்று நீங்கள் உட்கார்ந்து எடுங்கள். அப்புறம் அதே படத்தில் இருக்கும் இன்னொருவரின் நிலையில் உட்கார்ந்து எடுங்கள். அம்மா உட்கார்ந்த மாதிரி உட்கார முயன்றபோதுதான் அவருக்கு இடுப்பு வலி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அசலின் மேல் ஒட்டாதீர்கள், வெட்டாதீர்கள், முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள்

இதுதான் அந்த மூன்றாவது வேலை. இந்நேரம் உங்களிடம் 300 படங்களாவது இருக்கும். திரையில் பார்த்தால் ஒன்றுக்கப்புறம் ஒன்றாகத்தான் வரும், ஒன்றை இன்னொன்றோடு கண் ஒப்பிடாது. 60 படங்களைச் சின்ன அளவில், மலிவான தாளில் பிரிண்ட் போடுங்கள். சாதாரண பிரிண்டரில் ஒரு தாளில் நாலாகப் போட்டு வெட்டினாலும் போதும். தரம் இங்கே முக்கியமே இல்லை, பயமில்லாமல் கையாளக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்த உடனே செய்யாதீர்கள். இரண்டு வாரமாவது போகட்டும். எடுத்த அன்று என்ன நினைத்தோம் என்பது நினைவில் இருக்கிறவரை படத்தில் இருப்பதைப் பார்க்க மாட்டோம், நினைத்ததைத்தான் பார்ப்போம்.

பரப்பியபிறகு ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "கை மடியில். ஜன்னல் இடப்பக்கம். வாய் மூடியிருக்கிறது. கதவு பாதி திறந்திருக்கிறது." தனிமை, ஏக்கம், விடுதலை மாதிரியான வார்த்தைகளுக்கு அனுமதி இல்லை. 60ஐயும் எழுதி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அலுப்பான வேலைதான், பாதியில் எழுந்துபோகத் தோன்றும். பிறகு எல்லாவற்றையும் குப்புறத் திருப்பிப்போட்டு, எழுதியதை மட்டும் படியுங்கள். 60இல் 41 தடவை கதவு பாதி திறந்திருக்கிறது என்றால் நீங்கள் கதவைப் பற்றித்தான் படமெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாமலேயே.

அப்புறம் மூன்று குவியல். வேண்டும், வேண்டாம், தெரியவில்லை. "வேண்டும்" குவியலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, நீங்கள் அழகாக இருப்பதால் மட்டும் அங்கே வந்த படங்களை. அவற்றைத் தனியாக எடுத்து வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள், சந்தோஷப்படுவார்கள். "வேண்டாம்" குவியலைத் தூக்கி எறியாதீர்கள், ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நான் இரண்டாவது முறை இதைச் செய்தபோது, என் வேண்டாத குவியலில் இருந்தவற்றில் பாதி, நான் அம்மா மாதிரி தெரிகிற படங்கள். ஒவ்வொன்றாக விலக்கியபோது "வெளிச்சம் சரியில்லை", "கோணம் சரியில்லை" என்று ஏதோ ஒரு காரணம் இருந்தது.

இந்தக் கட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கலை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "என்னென்ன தெரியுது?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள், அதுதான் கஷ்டம்.

கடைசியில் 12இலிருந்து 15 படம். முதல் தொகுப்புக்கு அதற்கு மேல் வேண்டாம். வரிசைப்படுத்தும்போது தேதிப்படி அடுக்காமல், இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக நிற்கும்போது ஊமையாக இருந்த படம் இன்னொன்றின் பக்கத்தில் பேச ஆரம்பிக்கும். இரண்டு படங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் நன்றாக வந்திருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருந்தாலும்.

எழுத்து வேண்டுமா

கொஞ்சம். தலைப்பும் நாலைந்து வாக்கியமும். எதை எடுத்தீர்கள், எவ்வளவு நாள், என்ன விதி வைத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். "இந்தப் படைப்பு சுயத்தின் எல்லைகளைக் கேள்விக்குள்ளாக்குகிறது" வகை வாக்கியம் வந்தால் அடித்துவிடுங்கள். என் கைத் தொகுப்புக்கு "3 மாதம் என் இடது கையை எடுத்தேன், அதற்கு முன் அதை எடுத்ததில்லை" என்று மட்டும்தான் எழுதினேன்.

வெளியே காட்டும் முன்

கட்டாயம் காட்ட வேண்டும் என்று இல்லை. காட்டுவதானால் சில விஷயங்கள்.

படத்தில் வேறு யாராவது இருந்தால், அவர்கள் வீட்டார்தானே என்று எடுத்துக்கொள்ளாமல், அந்தக் குறிப்பிட்ட படத்தைக் காட்டிக் கேளுங்கள். "போட்டோ போடட்டுமா" என்று பொதுவாகக் கேட்பதும் "இந்தப் படத்தை முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பார்கள், சரியா" என்று கேட்பதும் ஒன்று கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம். ஃபோனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், இணையத்தில் ஏற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள். உடை குறைவாக எடுத்த படங்களைத் தானாக மேலேற்றும் சேமிப்பகத்தில் விட்டுவைக்காதீர்கள், தனி டிரைவில் வையுங்கள்.

நோய், இழப்பு, வன்முறை போன்றவற்றைப் பற்றி எடுக்கிறீர்கள் என்றால் வேகம் குறைவாக இருக்கட்டும். பிரிட்டனின் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபிறகு கேமராவோடு மருத்துவமனைக்குப் போனார், தன் உடம்புக்கு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தானே பதிவுசெய்தார். ஆனால் பிற்பாடு அவர் செய்த பல படங்கள் இன்னொருவருடன் சேர்ந்து, பேசிப் பேசிச் செய்தவை. கேமரா முன்னால் உட்கார்ந்தாலே மூச்சு முட்டுகிறது, இரவில் தூக்கம் போகிறது என்றால் நிறுத்திவிட்டு ஒரு ஆளிடம் பேசுங்கள், நண்பரோ மருத்துவரோ. படம் காத்திருக்கும்.

முதலில் காட்டுவதற்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நான் அந்த 14 கைப்படங்களையும் ஒரு உறையில் போட்டு, முதலில் கேள்வி கேட்ட அதே நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தரையில் பரப்பினார், ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டை இடம் மாற்றி வைத்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "சரி, இப்போ உன் முகம் எங்கே?" என்றார்.